காற்று தள்ள, எடை அழுத்த: பைல் எப்படித் தாங்குகிறது?

ஆண்டிபட்டி, கண்டமனூர் பக்கம் நிற்கும் காற்றாலைகளில் 2 மெகாவாட் அளவுள்ள ஒன்றை எடுத்துக்கொள்வோம். கோபுரம், உச்சியில் இருக்கும் ஜெனரேட்டர் பெட்டி, மூன்று இறக்கைகள் எல்லாம் சேர்த்து அதன் எடை ஏறக்குறைய 250 டன் வரும். தேனி நகருக்குள் இருக்கும் ஒரு நடுத்தர நான்கு மாடிக் கட்டடம் இதைப்போல மூன்று நான்கு மடங்கு கனம். அந்தக் கட்டடத்துக்குப் பல இடங்களில் ஆறேழு அடி வானம் தோண்டி, ஃபுட்டிங் போட்டால் போதும். காற்றாலைக்கு அப்படி முடியாது. பதினைந்து, பதினாறு மீட்டர் அகலத்துக்குப் பள்ளம் எடுத்து நூற்றுக்கணக்கான கனமீட்டர் கான்கிரீட் கொட்டுகிறார்கள். அந்த ஆழத்தில் கெட்டித் தரை கிடைக்காவிட்டால் அதற்கும் கீழே பைல், அதாவது ஆழத்தூண், இறக்க வேண்டும்.

எடை குறைவான காற்றாலைக்குப் பெரிய அடித்தளம் தேவைப்படுவது காற்றினால். அடித்தளத்தின் மேல் வரும் சுமை என்றதும் நாம் நினைப்பது மேலிருந்து கீழே அழுத்தும் எடையைத்தான். காற்று பக்கவாட்டில் தள்ளுகிறது. உயரத்தில் தள்ளுவதால் கவிழ்க்கவும் பார்க்கிறது. எடை, தள்ளல், கவிழ்ப்பு மூன்றும் ஒரே நேரத்தில் வந்து சேரும்போது மண்ணும் பைலும் என்ன செய்கின்றன என்பதுதான் இந்தக் கட்டுரையின் பொருள். ஒவ்வொரு சுமையையும் தனியாகக் கணக்கிட்டுக் கடைசியில் கூட்டிவிட்டால் போதும் என்று தோன்றலாம். பாதி இடங்களில் அது சரிவரும். மீதி இடங்களில் ஒரு சுமை வந்து நிற்பதே மற்ற சுமையைத் தாங்கும் திறனை மாற்றிவிடுகிறது.

காற்றின் கணக்கு

மேற்குத் தொடர்ச்சி மலை தமிழ்நாட்டுக்குள் காற்றை விடும் வாசல்கள் நான்கு: பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி, கம்பம். தென்மேற்குப் பருவக்காற்று கேரளப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, குமுளிக்கும் மேகமலைக்கும் இடையே இறங்கிக் கம்பம் பள்ளத்தாக்கின் வழியே ஓடுகிறது. வைகாசி பிறந்தால் ஆவணி வரைக்கும் இதே கதைதான். காற்றாலைக்காரர்கள் வருடம் முழுவதும் காத்திருப்பதும் இந்த மாதங்களுக்காகத்தான்.

ஓர் உதாரணக் கணக்கு போடுவோம். இறக்கைகளின் மையம் தரையிலிருந்து 80 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நல்ல காற்றில் ஓடும்போது காற்று அந்த மையத்தை 35 டன் விசையோடு தள்ளுகிறது என்று வைத்துக்கொள்வோம். அடித்தளத்தில் வந்து விழும் புரட்டல், அதாவது பாடப்புத்தகம் சொல்லும் திருப்புத்திறன், 35 × 80 = 2,800 டன்-மீட்டர்.

இதை எடையோடு ஒப்பிட்டால்தான் அதன் கனம் புரியும். 2,800-ஐ 250-ஆல் வகுத்தால் 11 மீட்டருக்கு மேல் வரும். காற்று வீசும்போது காற்றாலையின் மொத்த எடையும் கோபுரத்தின் அடியில் இல்லாமல், 11 மீட்டர் தள்ளி வெளியே உட்கார்ந்திருப்பதற்குச் சமம் என்று இதற்குப் பொருள். கோபுரத்தின் அடிப்பாகமோ நான்கைந்து மீட்டர் அகலம்தான். அப்படியே தரையில் நட்டால் விழுந்துவிடும்.

அதனால்தான் 1,000 டன் அளவுக்குக் கான்கிரீட்டையும் அதன் மேல் மண்ணையும் சேர்க்கிறார்கள். மொத்த எடை 1,250 டன் ஆனதும் அந்த 11 மீட்டர் 2.24 மீட்டராகச் சுருங்கிவிடுகிறது. 16 மீட்டர் அகலமுள்ள சதுர அடித்தளத்தில், காற்று ஒரு பக்கத்துக்கு நேராக வீசும்போது, மையத்திலிருந்து அகலத்தில் ஆறில் ஒரு பங்கு, அதாவது 2.67 மீட்டருக்குள் அது விழுந்தால், அடித்தளத்தின் எந்த ஓரமும் மண்ணை விட்டுத் தூக்காது. இந்தக் கான்கிரீட்டில் பெரும்பகுதி சும்மா எடைக்காகப் போட்டதுதான். கவிழ்ப்பை எடை அடக்குகிறது. சேர்ந்து வரும் சுமைகளில் முதல் பாடம் இது: எடை எப்போதும் பகையல்ல, பல நேரம் அதுதான் துணை.

தேனி மாவட்டத்தின் அடியில் கிடப்பது பெரும்பாலும் சார்னோகைட், நைஸ் வகைக் கடினப் பாறை. அது மேலேயே தட்டுப்படும் இடத்தில் இந்த அகன்ற அடித்தளமே போதும். பாறைக்கு மேல் தளர்ந்த மண் ஆழமாகப் படிந்த இடத்தில்தான் பைலின் தேவை வருகிறது.

எடையைச் சுமக்கும் விதம்

நிலத்தில் துளையிட்டு, கம்பிக்கூட்டை இறக்கி, கான்கிரீட் நிரப்பிச் செய்யும் தூண்தான் இங்கே பெரும்பாலும் போடப்படும் பைல். மேலே வரும் எடையை அது இரண்டு வழியில் மண்ணுக்குக் கடத்துகிறது. ஒன்று, தூணின் பக்கமெல்லாம் மண்ணோடு உரசி நிற்கும் பிடிப்பு. மற்றது, அடிநுனி கெட்டித் தரையில் ஊன்றி நிற்கும் தாங்கல்.

இந்த இரண்டும் ஒரே நேரத்தில் வேலைக்கு வருவதில்லை. பக்க உராய்வு சீக்கிரம் விழித்துக்கொள்ளும். பைல் சில மில்லிமீட்டர் இறங்கினாலே தன் முழுப் பலத்தையும் கொடுத்துவிடும். அடிநுனி நிதானமானது. மண்ணில் நிற்கும் நுனி தன் முழுப் பலத்தைக் காட்ட, பைலின் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு வரைக்கும் இறங்க வேண்டியிருக்கும். 600 மில்லிமீட்டர் பைலுக்கு அது 60 மில்லிமீட்டர். எந்தக் கட்டடமும் அவ்வளவு இறக்கத்தைப் பொறுக்காது. ஆகவே அன்றாடச் சுமையில் பெரும்பங்கைப் பக்க உராய்வே சுமக்கிறது. நுனியின் பலம் பெரும்பாலும் கையிருப்பு. நுனி பாறையில் பதிந்திருந்தால் இந்தக் கணக்கு மாறும்.

துளையின் அடியில் சேறு தங்கிவிட்டால் அந்தக் கையிருப்பும் காலி. துளை சரிந்துவிடாமல் இருக்க பென்டோனைட் களிமண் கரைசலை நிரப்பித்தான் துளையிடும் எந்திரமான ரிக் வேலை செய்கிறது. கான்கிரீட் ஊற்றுவதற்கு முன் அந்தக் கரைசலைச் சுழலவிட்டு அடி வண்டலைக் கழுவி எடுக்க வேண்டும். பிறகு குழாயைத் துளையின் அடிவரை விட்டு, கான்கிரீட்டைக் கீழிருந்து மேலே ஏறும்படி நிரப்ப வேண்டும். மேலே ஏறி வரும் முதல் கான்கிரீட் சேற்றோடு கலந்திருக்கும். அதனால் தேவைக்கு மேல் கொஞ்சம் அதிகமாக நிரப்பி, இறுகிய பிறகு அந்தப் பகுதியை உடைத்துக் கொட்டிவிடுவார்கள். பைல் தலையை உடைத்து நல்ல கான்கிரீட்டை வெளியே கொண்டுவரும் இந்த வேலையை அவசரத்தில் அரைகுறையாக விடுவதுண்டு. பக்கவாட்டு விசையும் வளைவும் மிகுதியாக வந்து விழுவது பைலின் மேல்பகுதியில்தான். உடைக்காமல் விட்ட உளுத்த கான்கிரீட்டும் அங்கேதான் இருக்கும்.

பக்கவாட்டில் தள்ளினால்

எடையைச் சுமக்க ஆழம் உதவுகிறது. பக்கத் தள்ளலைச் சமாளிப்பது வேறு வேலை. அங்கே ஆழத்தை விட மேல் மண் முக்கியம்.

சுருளிப்பட்டி, கூடலூர், காமயகவுண்டன்பட்டி வட்டாரத்தில் பன்னீர் திராட்சைப் பந்தல்களைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பந்தலின் நடுவே நிற்கும் கல்கால்கள் கொடியின் எடையை மட்டும் சுமக்கின்றன. ஓரத்துக் கால்களுக்கு அந்த எடையோடு கம்பியின் இழுப்பும் சேர்கிறது. ஆகவே ஓரக் கல்லை வெளிப்பக்கம் சாய்த்து நட்டு, பின்புறம் இழுகம்பி கட்டி, மண்ணில் புதைத்த கல்லில் முறுக்கி வைக்கிறார்கள். குழியை மூடும்போது மேல் மண்ணைக் கடப்பாரையால் இடித்து இறுக்குகிறார்கள். கல் எங்கே சாயத் தொடங்கும் என்று அவர்களுக்குத் தெரியும். பாலங்களிலும் துறைமுகங்களிலும் சாய்வாக இறக்கும் பைல்கள் இதே வேலையைச் செய்கின்றன.

பைலின் தலையைத் தள்ளும்போது அது முழுதாக நகர்வதில்லை. மேல்பகுதி வளைகிறது, கீழே போகப் போக நகர்வு குறைந்து, ஓர் ஆழத்துக்குப் பிறகு பைல் அசையாமல் நிற்கிறது. அந்த ஆழம் விட்டத்தைப் போலப் பெரும்பாலும் ஐந்து முதல் பத்து மடங்கு. 600 மில்லிமீட்டர் பைல் 20 மீட்டர் ஆழம் போயிருந்தாலும், பக்கத் தள்ளலோடு மல்லுக்கட்டுவது மேலே இருக்கும் மூன்று முதல் ஆறு மீட்டர்தான். 20-ஐ 25 ஆக்கினால் எடை தாங்கும் திறன் கூடும். பக்கத் தள்ளலுக்கு ஒரு பயனும் இல்லை.

மண்ணை வரிசையாக அடுக்கிய ஸ்பிரிங்குகளாக நினைத்துக் கணக்குப் போடலாம் என்ற யோசனை 1867-இல் விங்கிளர் கொடுத்தது. நிஜ மண் ஸ்பிரிங் போல நேர்கோட்டில் நடந்துகொள்வதில்லை. முதலில் விறைப்பாக எதிர்க்கும், பிறகு தளரும், கடைசியில் விட்டுக்கொடுத்துவிடும். கடலில் எண்ணெய்க் கிணறுகளின் மேடைகளை நிறுத்த வேண்டி வந்தபோது அமெரிக்காவின் டெக்சாஸில் முழு அளவு பைல்களைப் பக்கவாட்டில் இழுத்துப் பார்த்து, ஒவ்வொரு ஆழத்திலும் மண் எப்படி எதிர்க்கிறது என்று வளைகோடுகளாக வரைந்தார்கள். களிமண்ணுக்கு 1970-இல் மேட்லாக், மணலுக்கு 1974-இல் ரீஸ், காக்ஸ், கூப் மூவர் தந்த வளைகோடுகள் இன்றும் கணினி மென்பொருள்களுக்குள் உட்கார்ந்திருக்கின்றன.

பைல்களுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 2911 தரும் எளிய கணக்கில் ஒரு சுவையான செய்தி ஒளிந்திருக்கிறது. மணலில் பைலின் விறைப்பை இரட்டித்தால் தலையின் நகர்வு கால் பங்கு குறைகிறது. மண்ணின் விறைப்பை இரட்டித்தால் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. பைலுக்குச் செலவழிப்பதை விட அதைச் சுற்றியுள்ள மேல் மண்ணைக் கெட்டிப்படுத்துவது அதிகப் பலன் தரும். அதே போல 600 மில்லிமீட்டர் விட்டத்தை 750 ஆக்கினால் பைலின் விறைப்பு ஏறக்குறைய இரண்டரை மடங்காகும். நகர்வு குறைவதோ 30 சதவீதம் அளவுக்குத்தான்.

பைலின் தலை எப்படிப் பிணைக்கப்பட்டிருக்கிறது என்பதும் கணக்கில் வரும். தலை சுதந்திரமாகத் திரும்பும்படி இருந்தால் நகர்வு அதிகம். பைல்களின் தலைகளை இணைக்கும் தடிமனான கான்கிரீட் மூடியான பைல் கேப்பில் தலையை இறுக்கிவிட்டால் அதே விசைக்கு நகர்வு பாதிக்கும் கீழே போய்விடும். அதற்கு விலை உண்டு: வளைவு பைலும் கேப்பும் சேரும் கழுத்தில் வந்து குவிகிறது. கம்பியை அங்கே நெருக்கிக் கட்டுவது இதற்காகத்தான்.

இரண்டும் சேர்ந்து வந்தால்

எடையைச் சுமந்துகொண்டிருக்கும் பைலைப் பக்கவாட்டில் தள்ளினால், வெறும் பைலைத் தள்ளியது போலவே அது நகருமா? வழக்கமான வடிவமைப்பில் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறார்கள். எடைக்கு ஒரு கணக்கு, பக்கத் தள்ளலுக்கு ஒரு கணக்கு, இரண்டும் ஒன்றையொன்று தொடாது.

இதைச் சோதித்துப் பார்த்த வேலை ஒன்று இந்தியாவிலேயே நடந்திருக்கிறது. கார்த்திகேயன், ராமகிருஷ்ணா, சென்னை ஐஐடியின் ராஜகோபால் மூவரும் பைலையும் மண்ணையும் முப்பரிமாணத்தில் கணினியில் கட்டி, எடையைப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டே பக்கவாட்டில் தள்ளிப் பார்த்தார்கள். 2006, 2007-இல் வெளியான அவர்களுடைய கட்டுரைகள் சொன்ன விடை மண்ணுக்கு மண் மாறுகிறது. மணலில் எடை கூடக் கூடப் பக்கத் தள்ளலைத் தாங்கும் திறன் குறிப்பிடத்தக்க அளவு கூடியது. களிமண்ணில் கொஞ்சம் குறைந்தது.

காரணத்தை இப்படிப் புரிந்துகொள்ளலாம். மணலின் பலம் அதை அழுத்தும் அழுத்தத்தில் இருக்கிறது. பைல் சுமக்கும் எடை உராய்வின் வழியே சுற்றியுள்ள மணலுக்குப் போகும்போது மணல் இறுகுகிறது. இறுகிய மணல் பைலைப் பக்கவாட்டிலும் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. நனைந்த களிமண்ணுக்கு இந்தக் குணம் கிடையாது. திடீரென வரும் சுமைக்கு அதன் பலம் ஏறக்குறைய ஒரே அளவுதான். அந்தப் பலத்தில் ஒரு பகுதியை எடை ஏற்கெனவே பயன்படுத்திக்கொண்டது. பக்கத் தள்ளலுக்கு மிஞ்சுவது மீதிதான்.

பைலின் நீளத்திலும் வேறுபாடு தெரிந்தது. மணலில், பைல் தன் அகலத்தைப் போல 30 மடங்கு நீளமாக இருந்தாலும் எடையின் விளைவு தெரிந்தது. களிமண்ணில் 15 மடங்கைத் தாண்டினால் அது பெரிதாக இல்லை. பைலுக்குள் வரும் வளைவும் மேலே எவ்வளவு எடை நிற்கிறது என்பதைப் பொறுத்து மாறியது. அதாவது கம்பியின் அளவைக் கணக்கிடும்போதும் இரண்டு சுமைகளையும் பிரித்துப் பார்க்க முடியாது.

இன்னொரு விளைவு மண்ணைச் சாராதது. பைலின் தலை பக்கவாட்டில் நகர்ந்ததும் மேலே இருக்கும் எடை நேர்கோட்டில் இல்லாமல் விலகி நிற்கிறது. 80 டன் சுமக்கும் பைல் 10 மில்லிமீட்டர் நகர்ந்தால் 0.8 டன்-மீட்டர் வளைவு கூடுதலாகச் சேர்கிறது. அந்த வளைவு இன்னும் கொஞ்சம் நகர்த்தும், நகர்வு இன்னும் கொஞ்சம் வளைக்கும். முழுதும் மண்ணுக்குள் புதைந்த பைலுக்கு இது சில்லறைத் தொகை. ஆற்றில் மண் அரித்துப்போய்ப் பல மீட்டர் வெளியே தெரியும் பைலுக்கு இது பெருந்தொகையாகிவிடும்.

கூட்டமாக நிற்கும்போது

பைல்கள் தனியாக நிற்பது குறைவு. பலவற்றை ஒரே பைல் கேப்பால் இணைத்துவிட்டால் புரட்டல் வேறு உருவம் எடுக்கிறது. நம் காற்றாலைக்கே திரும்புவோம். 7 மீட்டர் ஆரத்தில் வட்டமாக 16 பைல்கள் போட்டிருக்கிறோம் என்று கொள்வோம்.

மொத்த எடை 1,250 டன்னைப் பங்கிட்டால் ஒரு பைலுக்கு ஏறக்குறைய 78 டன். 2,800 டன்-மீட்டர் புரட்டல் வந்ததும், காற்று போகும் திசையில் கடைசியில் நிற்கும் பைலுக்கு 50 டன் கூடி 128 டன் ஆகிறது. காற்று வரும் பக்கத்துப் பைலுக்கு 50 டன் குறைந்து 28 டன் மிஞ்சுகிறது. பக்கத் தள்ளல் 35 டன்னை 16 பேர் பங்கிட்டால் ஆளுக்கு இரண்டே கால் டன்கூட இல்லை. காற்று பக்கவாட்டில் தள்ளியது, பைலிடம் வந்து சேர்ந்தது பெரும்பாலும் மேல்கீழ்ச் சுமையாக.

சூறைக்காற்றில் புரட்டல் இரட்டித்தால் என்ன ஆகும்? ஒரு பக்கம் 178 டன். மறுபக்கம் 78-லிருந்து 100 போய், மைனஸ் 22. அந்தப் பைலை இப்போது யாரும் அழுத்தவில்லை, பிடுங்குகிறார்கள். பிடுங்கும்போது அடிநுனி உதவாது. பக்க உராய்வும் பைலின் சொந்த எடையும்தான் துணை. கம்பிக்கூடு பாதி ஆழத்தோடு நின்றிருந்தால் கீழ்ப்பாதி கான்கிரீட் இழுவைத் தாங்காமல் அறுந்துபோகும். கான்கிரீட் அழுத்தத்துக்குச் சிங்கம், இழுப்புக்குச் சொத்தை. மேலிழுப்பு வரக்கூடிய பைலுக்குக் கம்பி அடிவரை போக வேண்டும் என்பது இந்த மைனஸ் 22-இலிருந்து பிறக்கும் விதி.

காற்று திசை மாறினால் இன்று 178 சுமந்தது நாளை பிடுங்கப்படும். பருவக்காற்றுக் காலத்தில் இறக்கையின் ஒவ்வொரு சுழற்சியும் சிறு தட்டலாக அடித்தளத்துக்கு வருகிறது. காற்றாலையின் ஆயுளில் அது கோடிக்கணக்கில் சேரும். ஈரக் களிமண்ணில் பைலின் கழுத்தைச் சுற்றி மெல்லிய இடைவெளி விழலாம். தளர்ந்த மணலில் ஒரு பக்கம் மட்டும் இறக்கம் சேர்ந்துகொண்டே போகலாம். அடித்தளத்தின் அகலத்தில் மீட்டருக்கு 3 மில்லிமீட்டருக்கு மேல் சாயக்கூடாது என்பது காற்றாலைகளுக்குப் பரவலாக வைக்கும் வரம்பு. அவ்வளவு சாய்ந்தாலே 80 மீட்டர் உயரத்தில் உச்சி கால் மீட்டர் அளவுக்கு விலகி நிற்கும்.

பைல்களை நெருக்கி வைத்தாலும் தொல்லை. முன்வரிசைப் பைல் தள்ளும் மண், பின்வரிசைப் பைலுக்கு எதிர்ப்புத் தர வேண்டிய மண்ணாகவும் இருக்கிறது. முன்னது நகர்ந்ததும் பின்னதுக்குத் தளர்ந்த மண்தான் கிடைக்கிறது. ஆகவே பத்துப் பைலின் திறன் ஒரு பைலைப் போலப் பத்து மடங்கு ஆகாது. உராய்வை நம்பும் பைல்களுக்கு மையத்திலிருந்து மையம் விட்டத்தைப் போல மூன்று மடங்காவது இடைவெளி இருக்க வேண்டும் என்று ஐஎஸ் 2911 கேட்கிறது.

ஒற்றைப் பைலில் நிற்கும் கட்டுமானங்களுக்குப் புரட்டலைப் பல பைல்களுக்குப் பங்கிடும் வசதி இல்லை. தேனி வழியாகக் குமுளிக்குப் போகும் தேசிய நெடுஞ்சாலை 183-இல் ஒரு பக்கம் மட்டும் கை நீட்டி நிற்கும் திசைகாட்டிப் பலகை வைத்தால், அதன் புரட்டல் முழுவதையும் ஒரே பைல் வளைந்துதான் வாங்க வேண்டும். காற்று பலகையைத் தள்ளும்போது தூண் முறுக்கவும் படுகிறது. அங்கே எடை ஒரு பொருட்டே அல்ல.

பள்ளத்தாக்கின் மண்ணும் தண்ணீரும்

கம்பம் பள்ளத்தாக்கில் இரண்டு கிலோமீட்டருக்குள் மண் மூன்று விதமாக மாறும். மலையடிவாரத்தில் உருண்டு வந்த பாறாங்கற்களும் சரளையும் செம்மண்ணும். முல்லையாற்றின் இருகரையிலும் வயல் வண்டல். இடையில் சில இடங்களில் கரிசல். அடிவாரத்தில் ரிக் பெரிய கல்லில் மோதியதும் பாறை வந்துவிட்டது என்று நிறுத்திவிடும் ஆபத்து உண்டு. அந்தக் கல்லுக்குக் கீழே மறுபடி மண் இருக்கலாம். கரிசலில் வேறு சிக்கல்: மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். உப்பும்போது பைலை மேலே இழுக்கும், வெடிக்கும்போது பைலின் கழுத்தை விட்டு விலகும். அடியில் குமிழ் போல அகலப்படுத்திய பைலை ரூர்க்கி மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பரப்பியது இத்தகைய மண்ணுக்காகத்தான்.

இந்த மண்ணோடு தண்ணீரும் சேர்கிறது. 1895-இல் திறந்த பெரியாறு அணையின் நீர் லோயர் கேம்ப் வழியாக இறங்கி, பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலத்துக்குப் பாய்கிறது. ஜூன் மாதம் முதல் போகத்துக்குத் தண்ணீர் விட்டதும் வயலை ஒட்டிய நிலத்தில் நீர்மட்டம் ஏறும். மணலில் நீர் ஏறினால் மணற்துகள்கள் ஒன்றையொன்று அழுத்தும் அழுத்தம் ஏறக்குறைய பாதியாகும். மேல் மண்ணின் விறைப்பும் அதே அளவு குறைந்தால், பைல் தலையின் நகர்வு ஒன்றரை மடங்கு ஆகும். காற்று வலுக்கும் மாதமும் தண்ணீர் திறக்கும் மாதமும் ஏறத்தாழ ஒன்று. மாசி, பங்குனியில் போர் போட்டு மண்ணைப் பார்த்துவிட்டு, ஆடியில் வரும் காற்றுக்குக் கணக்கு எழுதினால் தப்பாகும்.

பாலங்களில் தண்ணீர் இன்னும் நேரடியாக மோதுகிறது. மதுரை–போடி ரயில் பாதையை எடுத்துக்கொள்வோம். இத்தகைய பாதையில் பாலத்தின் அடித்தளம் சந்திப்பது வண்டியின் எடை மட்டுமல்ல. பிரேக் போடும்போது தண்டவாளத்தின் போக்கில் ஒரு தள்ளல், வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கம் ஒரு தள்ளல், குறுக்கே காற்று, ஆற்றில் வெள்ளம், வெள்ளம் அடித்துவரும் மரம் எல்லாம் உண்டு. வெள்ளம் தள்ளுவதோடு நிற்காமல் பைலைச் சுற்றி மண்ணையும் அரித்துக்கொண்டு போகிறது. பக்கத் தள்ளலைத் தாங்குவது மேல் மண் என்று பார்த்தோம். வெள்ளம் முதலில் கொண்டுபோவது அதைத்தான். 1 மீட்டர் வெளியே தெரிந்த பைல் அரிப்புக்குப் பின் 3 மீட்டர் தெரிந்தால், பிடிமானம் அதற்குக் கீழே 3 மீட்டரில் இருந்தால், நீளம் 4-லிருந்து 6 ஆகிறது. நகர்வு நீளத்தின் மும்மடியில் வளர்வதால் 64 என்பது 216 ஆகும். அதே தள்ளலுக்கு மூன்று மடங்குக்கு மேல். தண்ணீர் இல்லாத நாளில் வைகை மணலை அள்ளிக்கொண்டு போவதும் பாலத்துக்கு இதே தீங்கைத்தான் செய்கிறது.

சேர்ந்து வரும் சுமையை இன்னும் கடுமையாகச் சந்திக்கும் இடம் பாம்பன். 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதிய ரயில் பாலத்துக்குக் கடலுக்குள் 333 பைல்கள் இறக்கப்பட்டன. அங்கே வண்டியின் எடையோடு புயல்காற்று, அலை, நீரோட்டம், தூக்குப்பாலத்தின் அசைவு எல்லாமும் சேர்கின்றன. தேனியில் அவ்வளவு இல்லை. இந்தியக் காற்று விதிப்படி அடிப்படை வேகம் கடலோரச் சென்னைக்கு விநாடிக்கு 50 மீட்டர், தேனிக்குப் பக்கத்து மதுரைக்கு 39 மீட்டர். ஆனால் கணவாய்க்குள் காற்று குவியும். மலையின் வடிவத்துக்குத் தனிக் காரணி சேர்க்க வேண்டும் என்று அந்த விதியே சொல்கிறது.

சுமை சேர்ந்து வரும், சோதனை தனித்தனியே

பைல் தாங்குமா என்று களத்தில் சோதிக்கும் முறையை ஐஎஸ் 2911-இன் நான்காம் பகுதி வகுத்திருக்கிறது. எடைச் சோதனையில் பைலின் மேல் ஜாக்கி வைத்து, அதற்கு மேல் மேடை கட்டி மணல் மூட்டையோ கான்கிரீட் கட்டிகளோ அடுக்கி, ஜாக்கியால் அழுத்துவார்கள். நான்கு பக்கமும் டயல் கேஜ் வைத்து இறக்கத்தைக் குறிப்பார்கள். வேலை தொடங்குமுன் செய்யும் சோதனையில் வடிவமைப்புச் சுமையைப் போல இரண்டரை மடங்கு, வேலை நடக்கும்போது செய்வதில் ஒன்றரை மடங்கு. 600 மில்லிமீட்டர் வரையிலான பைலில், 12 மில்லிமீட்டர் இறங்க வைத்த சுமையில் மூன்றில் இரண்டு பங்கைப் பாதுகாப்பானது என்று எடுக்கலாம். விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு இறங்கிய சுமையில் பாதி அதைவிடக் குறைந்தால் அதையே கொள்ள வேண்டும்.

பக்கவாட்டுச் சோதனையில் இரண்டு பைல்களுக்கு நடுவே ஜாக்கியைப் படுக்கவைத்து இரண்டையும் எதிரெதிராகத் தள்ளுவார்கள். 5 மில்லிமீட்டர் நகர வைத்த விசை, 12 மில்லிமீட்டர் நகர வைத்த விசையில் பாதி, இரண்டில் குறைந்தது கணக்குக்கு வரும். பிடுங்கும் சோதனை மூன்றாவது.

இந்த மூன்றும் தனித்தனியே நடப்பவை. பக்கவாட்டில் தள்ளும்போது பைலின் மேல் எடை இல்லை, தலையை இறுக்கும் கேப் இல்லை, ஒரே திசையில் சேர்ந்து நகரும் மற்ற பைல்கள் இல்லை. நிஜத்தில் எல்லாம் இருக்கும். மணலில் இந்த வேறுபாடு பெரும்பாலும் நமக்குச் சாதகம். களிமண்ணில் பாதகமாகப் போகலாம். பைலின் தலையில் சிறு சுத்தியலால் தட்டி எதிரொலியைப் பதிவுசெய்யும் சோதனையும் பரவலாக நடக்கிறது. அது பைல் நடுவில் உடைந்திருக்கிறதா, நீளம் சரிதானா என்பதைச் சொல்லும். எவ்வளவு தாங்கும் என்று சொல்லாது. அந்த அறிக்கையைக் காட்டி, பைல் பலமானது என்று ஒப்பேற்றப் பார்த்தால் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

ஆகவே சோதனைகளின் விடைகளை ஒன்றுசேர்க்கும் வேலை வடிவமைப்பாளரின் தாளில்தான் நடக்கிறது. கட்டுகிறவரோ, வாங்குகிறவரோ, பாலத்துக்கு ஒப்புதல் தரும் அதிகாரியோ அந்தத் தாளில் தேட வேண்டியவை சில. எடை, பக்கத் தள்ளல், மேலிழுப்பு மூன்றுக்கும் தனித்தனி எண்கள் இருக்கின்றனவா? மிக அதிக எடையோடு வரும் காற்றை மட்டும் பார்த்தார்களா, மிகக் குறைந்த எடையோடு வரும் அதே காற்றையும் பார்த்தார்களா? கவிழ்ப்புக்கும் மேலிழுப்புக்கும் இரண்டாவதுதான் பெரும்பாலும் கடுமையானது. நீர்மட்டம் எந்த மாதத்தில் எடுத்தது? ஆற்றில் என்றால் அரிப்பு ஆழத்தைக் கழித்துவிட்டு மீதி மண்ணைக் கணக்கில் எடுத்தார்களா? கம்பிக்கூடு எந்த ஆழம் வரை போகிறது? இவற்றுக்கு விடை எழுதியிருந்தால், சுமைகள் சேர்ந்து வரும் நாளை நினைத்துப் பார்த்தவர்தான் அந்த அடித்தளத்தை வரைந்திருக்கிறார். "பைல் 100 டன் தாங்கும்" என்று ஒற்றை எண் மட்டும் இருந்தால், கேள்வி கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.